மனித இயல்பு நன்றோ, தீதோ?



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கருநாடக மாநிலத்தின் எல்லையில் உள்ளது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைக் கடந்தால் தமிழ்நாடு. பிழைப்பை நாடும் மக்கள் நாள்தோறும் இருபுறமும் சென்று வரும் வாயில் அது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், அங்கே பட்டாசு வைத்திருந்த கிடங்கொன்றில் தீப்பற்றிற்று. தீபாவளி விற்பனைக்கென வந்த சரக்கை இறக்கிக்கொண்டிருந்த வேளை. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், தருமபுரி, கள்ளக்குறிச்சி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து பண்டிகைக் கால வேலைக்கு வந்திருந்த இளைஞர்கள்.

இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம் நம்மிடையே இரு சொற்கள் எழுகின்றன. “மனிதன் பிறவியிலேயே பேராசைக்காரன், அவனைத் திருத்த யாரால் முடியும்?” என்பது ஒன்று. “அது அவரவர் முன்வினை, விதியை யார் வெல்வார்?” என்பது மற்றொன்று. முதற்சொல் தீமை செய்தவனுடைய இயல்பின்மேல் பழியைப் போடுகிறது. இரண்டாஞ்சொல் மாண்டவனுடைய பழம்பிறப்பின்மேல் போடுகிறது. வெவ்வேறாகத் தோன்றினும் இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் நம்மைக் கொண்டு செல்கின்றன: கையைக் கட்டிக்கொண்டு வாளாவிருத்தல். பௌத்த தருமத்தைத் தழுவிய நாம் இவ்விரண்டையும் ஏற்கலாமா என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. உலகத்து அறிஞர் கொள்கைகள்

மனித இயல்பைப் பற்றிய வழக்கு மிகப் பழமையானது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த மென்சியஸ், மனிதன் இயல்பில் நல்லவன் என்றார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவனுக்கும் நெஞ்சு பதறும். புகழை எண்ணியோ கைம்மாறு கருதியோ அப்பதற்றம் பிறப்பதில்லை. ஆதலின் இரக்கத்தின் வித்து எல்லாரிடத்தும் உண்டு என்பது அவர் வாதம். அவருக்குப் பின்வந்த சுன்ட்ஸு இதனை மறுத்து, மனித இயல்பு தீயது, நன்மையெல்லாம் கல்வியாலும் முயற்சியாலும் வருவது என்றார்.

மேனாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. 1651இல் தம் பெருநூலை வெளியிட்ட ஆங்கிலேயராகிய ஹாப்ஸ், அரசாணை இல்லாவிடில் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சிப் போரிட்டு மடிவர் எனக் கருதினார். அடுத்த நூற்றாண்டில் ரூஸோ, மனிதன் இயல்பில் நல்லவனே, உடைமையும் ஏற்றத்தாழ்வும் கொண்ட சமுதாயமே அவனைக் கெடுத்தது என்றார்.

இந்நால்வரும் உண்மையின் ஒவ்வொரு பக்கத்தைக் கண்டவர்கள். ஆயினும், ஒரே மனிதன் காலையில் இரக்கமுடையவனாகவும் மாலையில் கொடியவனாகவும் இருப்பதை நாம் காண்கிறோமே, அதற்குக் காரணம் யாது? இயல்பு நன்று என்போரும் தீது என்போரும் இவ்வினாவுக்கு விடை கூற இடர்ப்படுவர்.

2. ததாகதர் மறுத்த கொள்கைகள்

பகவான் புத்தர் காலத்தில் வேறு சில ஆசிரியரும் இருந்தனர். கொன்றாலும் தீவினையில்லை, கொடுத்தாலும் நல்வினையில்லை என்றார் பூரண காசியபர். உயிர்கள் மாசடைவதற்கும் தூய்மையடைவதற்கும் காரணமே இல்லை, எல்லாம் ஊழின்படி நடக்கும், முயற்சியால் பயனில்லை என்றார் மற்கலி கோசாலர். மற்கலியின் ஆசீவகக் கொள்கை தமிழகத்திலும் பரவியிருந்தது என்பதற்கு மணிமேகலையும் நீலகேசியும் சான்று.

பகவர் மூன்று கொள்கைகளைத் தனித்தெடுத்து மறுத்தார். மனிதன் அடையும் இன்ப துன்பமெல்லாம் முற்பிறவி வினையாலேயே வருவன என்பது முதலாவது. எல்லாம் படைத்தவன் இச்சை என்பது இரண்டாவது. எல்லாம் காரணமின்றி நேர்வன என்பது மூன்றாவது. இம்மூன்றில் எதனை ஏற்றாலும், கொலைகாரன் தன் கொலைக்குப் பொறுப்பாளியாகான். இது செய்யத்தக்கது, இது தகாதது என்னும் அறிவுக்கும் ஊக்கத்துக்கும் இடமிராது. நன்னெறியின் வேரையே இவை அறுத்துவிடுதலால் அவர் இவற்றை விலக்கினார்.

3. மனமும் அதன் மாசும்

அங்ஙனமாயின் பகவரின் விடை யாது? மனம் ஒளியுடையது, மாசுகள் அதன்மேல் வந்து படிபவை, ஆதலின் அவற்றை நீக்கவும் கூடும் என்பது அவர் போதனை. தீமைக்கு வேர் மூன்று: ஆசை, பகை, மயக்கம். நன்மைக்கும் வேர் மூன்று: ஈகை, அன்பு, அறிவு. இவ்விருவகை வேர்களும் ஒரே நிலத்தில் உள்ளன. எதற்கு நீர் வார்க்கிறோமோ அதுவே தழைக்கும். ஒருவன் எதனை அடிக்கடி எண்ணுகிறானோ அப்பக்கமே அவன் மனம் சாயும் என்று பகவர் மொழிந்தார். எனவே இயல்பு என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று; வண்டி பலகால் சென்று பதித்த தடம் போன்றது. புதிய தடமும் பதிக்கலாம்.

மனத்தைத் தூய்மை செய்வதற்குப் பொன்னைத் தூய்மை செய்யும் தொழிலையே பகவர் உவமை காட்டினார். முதலில் மண்ணும் கல்லும் கழுவப்படும்; அடுத்துச் சிறு பரலும் மணலும்; பின்னர் நுண்ணிய தூசி; இறுதியில் பொன்துகளை உலையிலிட்டு உருக்குவர். அவ்வாறே முதலில் கொடுஞ்செயலும், பிறகு தீய எண்ணமும், பின்னர் நுண்ணிய பற்றும் விலக்கப்படும். இவ்வுவமையின் அருமையை நம் முன்னோர் பிறரினும் நன்கறிவர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்திற்குக் கோலார் தங்கவயலில் கிளைகள் இருந்தன. நிலத்தின் ஆழத்தில் பாறையுடைத்த தொழிலாளர் மேலேறி வந்து தருமம் கேட்டனர். மூட்டை மூட்டையான கல்லில் பொன் சிறிதே என்பதும், அச்சிறிதை எடுக்க உழைப்பு வேண்டும் என்பதும் அவர்கள் கைகண்ட உண்மை. கல்லைக் கண்டு பொன்னில்லை என்று சொல்பவனும் ஏமாறுவான். பொன்னுண்டு என்று சொல்லிச் சும்மா இருப்பவனும் ஏமாறுவான்.

4. முன்வினையா?

இனி இரண்டாஞ்சொல்லுக்கு வருவோம். சீவகன் என்னும் துறவி பகவரை அணுகி, எல்லா நுகர்ச்சியும் முன்வினைப் பயனே என்பாரைப் பற்றி வினவினான். உடம்பில் எழும் துன்பங்களுக்குப் பித்தம், ஐயம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், தகாத பேணுதல், பிறரால் நேரும் ஊறு, வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவர் எடுத்துக் கூறினார். எட்டில் ஒன்றே வினை! மற்ற ஏழையும் மறைத்து எல்லாம் முன்வினை என்பவர், தாமே கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு.

அத்திபெலேயை இவ்வொளியில் நோக்குக. வெடிமருந்து குவிந்திருக்கும் இடத்தில் பொறி விழுந்தால் வெடிக்கும். அதற்கு மாண்டவரின் பழம்பிறப்பைத் தேட வேண்டுவதில்லை. முறையான பாதுகாப்பு ஏற்பாடுகள் அங்கு இல்லை என்று கருநாடக முதலமைச்சர் அப்போதே கூறினார், புலனாய்வுக்கும் ஆணையிட்டார். குற்றம் எவருடையது என்று தீர்ப்பது முறைமன்றத்தின் கடமை. ஆனால், “விதி” என்று சொல்லி அவ்வினாவையே எழவொட்டாமல் அடிப்பது அதருமம். தகாத பேணுதலால் வந்த துன்பத்தைத் தகுந்த பேணுதலால் தடுக்கலாம். முன்வினை என்றால் தடுக்க வழி ஏது?

மைந்தனை இழந்த கிசாகோதமியின் வரலாறு நாம் அறிந்ததே. “உன் மகன் முற்பிறவியில் செய்த பாவம்” என்று பகவர் அவளிடம் கூறவில்லை. சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். தன் துயரம் எல்லார்க்கும் பொது என்பதை அவள் தானே உணர்ந்தாள். துயருற்ற தாயிடம் வினைக்கணக்குப் படிப்பவன் பௌத்தன் அல்லன்.

இது நமக்கு வெறும் தத்துவ ஆராய்ச்சி அன்று. தாழ்ந்த குலத்திற் பிறந்தது முன்வினையால் என்று சொல்லித்தானே நம் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்தனர்? டாக்டர் அம்பேத்கர், தம் மறைவுக்குப்பின் 1957இல் வெளியான புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில் அக்கோட்பாட்டை வன்மையாக மறுத்தார். அந்த விலங்கை உடைத்துவிட்டுப் பிறர் காலில் நாமே அதை மாட்டலாகாது.

அப்படியானால் வினைக்கொள்கை பொய்யோ எனின், அன்று. வினையாவது மனம் துணிந்து செய்யும் செயல் என்று பகவர் விளக்கினார். இன்று நான் துணிவது நாளைய என் மனத்தை ஆக்குகிறது. வினைக்கொள்கை நம் பொறுப்பை நமக்கு நினைவூட்டுவதற்கே. பிறர் துன்பத்தை அளந்து குற்றம் சாற்றுவதற்கு அன்று.

5. இன்பம் எது?

இன்பம் என்பது வெறும் உணர்ச்சி அன்று, வாழ்நாள் முழுதும் நற்பண்பின்வழி ஒழுகும் செயலே என்றார் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். பகவரோ அனாதபிண்டிகர் என்னும் வணிகருக்கு இல்லறத்தானுக்குரிய இன்பம் நான்கு என்றார்: நேர்மையாக ஈட்டிய பொருளை உடைமை, அதனைத் துய்த்தும் அறம் செய்தும் மகிழ்தல், கடனின்மை, குற்றமின்மை. முன்னைய மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா.

இங்கே பகவர் பொருளைப் பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க. வறுமையைப் போற்றவுமில்லை. பண்டிகைக்குச் சில நூறு ரூபாய் சேர்க்கலாம் என்று எல்லை கடந்து வந்த இளைஞனின் ஆசை குற்றமுடையதன்று. அது முதல் இன்பத்தை நாடிய நேரிய உழைப்பு. அவனைக் காக்கும் செலவை மிச்சப்படுத்தி ஈட்டிய இலாபம் எவரிடம் இருப்பினும், அது நான்காம் இன்பத்தை விற்று முதல் இன்பத்தை வாங்கிய வாணிகம். தொழிலாளியைப் பணிக்கு அமர்த்துவோர் நம்மிலும் உளர். அவர்கள் இதனை இருமுறை எண்ணுக.

மனிதன் நல்லவனாகவும் பிறக்கவில்லை, தீயவனாகவும் பிறக்கவில்லை, நாள்தோறும் ஆகிக்கொண்டிருக்கிறான். இதுவே நமது அச்சமும் நமது நம்பிக்கையும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. துன்பம் கண்டவிடத்து “தலையெழுத்து” என்று சொல்லும் பழக்கம் நம் இல்லத்தில் இன்னும் உள்ளதா?

2. எட்டுக் காரணங்களுள் நாம் விலக்கக்கூடியவை எவை?

3. குற்றமின்மையால் வரும் இன்பத்தை இவ்வாரம் எச்செயலால் அடைந்தோம்?

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக.