அப்பா வரைந்தார், மகன் தீட்டினார்

அன்புள்ள தம்பிக்கு,

கப்பல் படம் போட்டால் அலை மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அலை இருக்கட்டும். வில்லெம் வான் டி வெல்டே என்று ஒரே பெயர் கொண்ட அப்பாவையும் மகனையும் பற்றி முதலில் சொல்கிறேன். இருவரும் நெதர்லாந்துக்காரர்கள்.

அப்பா 1611-இல் லெய்டனில் பிறந்தவர். 1666-இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் நான்கு நாள் நடந்த கடற்போரில், டச்சுக் கப்பற்படையோடு சிறு படகொன்றில் போனார். குண்டுகள் பறக்கும்போதே எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். அவருடைய பெரிய படங்கள் பலவற்றில் வண்ணமே கிடையாது. வெள்ளை பூசிய பலகையிலோ கித்தானிலோ பேனாவும் மையும் கொண்டு வரைந்தவை. பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கப்பலின் பின்புறச் செதுக்கு வேலையையும் விடமாட்டார். கப்பலை அடையாளம் காண அதுவே போதும்.

மகன் (1633–1707) வண்ணக்காரர். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் ‘பீரங்கி வெடி’ என்ற அவர் படம் இருக்கிறது. காற்றில்லாத கடல், தொய்ந்து தொங்கும் பாய்கள், பீரங்கியிலிருந்து கிளம்பும் புகை. அவ்வளவுதான். அவருடைய புயல் படங்களையெல்லாம்விட எனக்கு இதுதான் பெரிது.

1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து நெதர்லாந்தின்மீது படையெடுத்தன. நாடே கலங்கியபோது ஓவியம் வாங்க யார் இருப்பார்கள்? இருவரும் எதிரியின் நாட்டுக்கே பிழைக்கப் போனார்கள்! இரண்டாம் சார்லஸ் மன்னர் 1674-இல் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் போட்டார்: கடற்போர்களைக் கோட்டில் வரைய அப்பாவுக்கு, அவற்றுக்கு வண்ணம் கொடுக்க மகனுக்கு. கிரீனிச்சில் ராணி மாளிகைக்குள்ளேயே பட்டறை கிடைத்தது. சிலர் இதைத் துரோகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்த தொழிலை நம்பிப் போனார்கள்.

மகன் தேம்ஸ் நதியில் படகேறி, வெயில் மழை பாராமல் மேகங்களை வரைவாராம். நீலத் தாள், கறுப்பும் வெள்ளையுமாகச் சுண்ணக்கட்டி, வேறொன்றும் வேண்டாம். கடலின் நிறத்தில் பாதி வானம் தருவது. மேகம் மூடினால் தண்ணீரும் ஈயமாகிவிடும். உன் படத்தில் வானம் வெறும் நீலமாக இருக்கிறது, அதன் கீழே அலை எப்படி உயிர் பெறும்?

அடுத்த முறை துறைமுகத்துக்குப் போனால், வண்ணப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. ஒரே ஒரு படகைத் தேர்ந்தெடுத்து, அதன் கயிறுகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா