வராதவர்களின் கணக்கு

அன்புள்ள தம்பி,

விராலிமலையில் வெல்டிங் பயிற்றுநராகச் சேர்ந்தது அறிந்து மகிழ்ந்தேன். முதல் பேட்சில் ஒரு பெண்கூட இல்லை, ‘அவர்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது’ என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இக்கடிதம்.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நான் தொண்டன். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்த பெண்கள் இரவில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் பழக வழி செய்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள்; முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்கும், கொண்டுபோய் விடும் ஆணுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது.

இன்னொன்றும் நடந்தது. குவாரிகள் சில, அங்கே உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. கல் உடைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குத்தகைதான் அதுவரை அவர்கள் பெயரில் இல்லை. தொழில் தெரிந்தும் ஒருவர் ஏழையாகவே இருக்க முடியும் என்று நான் கற்றது அங்கேதான்.

இன்று அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2021 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்லது. ஆனால் அந்த பஸ் உட்கிராமத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது? உன் வகுப்பு எத்தனை மணிக்கு? பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? அவர்கள் கைக்குப் பொருந்தும் கையுறை இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வீடுகளுக்குப் போய்க் கேள். விருப்பமில்லையா, வழியில்லையா என்று தெரிந்துவிடும்.

பெண்கள் சேர்ந்தபின், பேட்ச் முடியும்வரை காத்திராமல் சுற்றுவட்டார ஃபேப்ரிகேஷன் முதலாளிகளிடம் பேசு. ஒரே சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருவன் ஆர்க் பிடிக்க, இன்னொருத்தி ஸ்லாக் எனும் கசடைத் தட்டிக்கொண்டு ஹெல்ப்பர் கூலியிலேயே நிற்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து நீயே நேரில் போய்ப் பார். வேலை கிடைத்ததா என்பதோடு, என்ன வேலை, என்ன கூலி என்றும் கேள்.

எத்தனை பேர் தேறினார்கள் என்று மேலிடம் கேட்கும். அந்தக் கணக்கைச் சரியாகக் கொடு. எனக்கு எழுதும்போது, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுது.

அன்புடன்,
பழைய அறிவொளித் தொண்டன்