கொதிக்க வைத்தால் விஷம் போகுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியான நேரம். ஓடையில் மீன் மிதக்கிறது என்று பிள்ளைகள் ஓடி வந்து சொன்னார்கள். கிளினிக்கைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். மருந்து ஸ்டோருக்குக் கீழே தொடங்கிப் பாலம் வரைக்கும் சிலேபியும் கெளுத்தியும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கன்றுத் தோட்டத்தில் செம்பனை வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் மருந்துப் பம்புகளை அன்று காலையில் அந்த இடத்தில்தான் கழுவியிருந்தார்கள். நான்கைந்து பையன்கள் வாளியோடு இறங்கி மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கரையில் நின்ற ஓர் அம்மாவிடம், "இதைச் சமைக்காதீங்கம்மா, குழி தோண்டிப் புதைச்சிடுங்க" என்றேன்.

"ஏன் டிரஸ்ஸர் ஐயா? புளி ஊத்தி நல்லாக் கொதிக்க வச்சுத்தானே ஆக்குறோம். கொதிச்சா விஷம் முறிஞ்சு போவாதா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "எதையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று இருபது வருஷமாக வீடு வீடாகச் சொல்லி வந்தவன் நான்தான். சொன்னது தப்பில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை இந்த மாதம் எழுதுகிறேன்.

கிருமி வேறு, விஷம் வேறு

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா ஆகியவற்றைக் கொண்டு வருவது கிருமி. கிருமிக்கு உயிர் உண்டு. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் அது செத்துப்போகும். உரத்துக்கும் பாதரசத்துக்கும் உயிர் கிடையாது. உயிர் இல்லாததை எப்படிக் கொல்வது? உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாருங்கள். ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பு சட்டியிலேயே இருக்கும். பத்துக் கிளாஸ் தண்ணீர் எட்டுக் கிளாஸாகச் சுண்டினால் உப்பு இன்னும் கரிக்கும். இப்படிச் சட்டியிலேயே தங்கும் விஷங்கள் பல உண்டு.

இந்த விஷம் எப்படி நம் வாய்க்கு வருகிறது? மூன்று வழியாக வருகிறது.

முதல் வழி: மண்ணோடு

சில மருந்துகள் களிமண்ணைக் கண்டால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பாராகுவாட் அப்படிப்பட்டது. அதைத் தெளித்த நம் பெண்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் 2002-ல் அதற்குத் தடை அறிவித்தார்கள். 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. கிளைபோசேட், சைபர்மெத்ரின் இரண்டும்கூட மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வகைதான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிறுகச் சிறுகச் சிதைத்துவிடும். அதனால் இவை சுலபத்தில் ஆழத்துக்கு இறங்கிக் கிணற்றுக்குப் போவதில்லை.

அப்படியானால் பயமில்லையா என்று கேட்பீர்கள். மண் இருந்த இடத்தில் இருந்தால் பயம் குறைவு. மேட்டுப் பக்கம் புல்லை வேரோடு கருக்கிவிட்டு, அன்று சாயங்காலமே மழை கொட்டினால் என்ன ஆகும்? செம்மண் கரைந்து அலூரில் ஓடும். மண் ஓடினால் அதோடு ஒட்டிய மருந்தும் ஓடும். பம்பை ஓடையிலேயே கழுவினால் நிலைமை இன்னும் மோசம். பிடித்து வைக்க அங்கே மண்ணே இல்லை, மருந்து நேராக மீனின் செவுளுக்குப் போகிறது. அன்று மிதந்த மீன்களின் கதை அதுதான்.

மீன் மிதந்தால் எல்லாமே மருந்தால் செத்தது என்றும் சொல்ல முடியாது. செம்பனை மில் கழிவும் ரப்பர் பால் தொழிற்சாலைக் கழிவும் ஆற்றில் கலந்தால், அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சு முட்டிச் சாகும். இதற்காகத்தான் 1974-ல் சுற்றுச்சூழல் சட்டமும் 1977-ல் செம்பனை எண்ணெய் மில்லுக்குத் தனி விதிகளும் வந்தன. எதனால் செத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே செத்து மிதக்கும் மீன் எதுவானாலும் சட்டிக்குப் போகக் கூடாது.

இரண்டாம் வழி: கிணற்றுத் தண்ணீரோடு

ஒரு பரீட்சை செய்து பாருங்கள். பால் டின் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் மண்ணுமாக நிரப்புங்கள். கலங்கல் தண்ணீரில் உப்பைக் கரைத்து மேலே ஊற்றுங்கள். கீழே வடிவது ஓரளவு தெளிவாக இருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். மண் அழுக்கைப் பிடித்து வைத்தது, உப்பை விட்டுவிட்டது.

நைட்ரேட் என்பது இந்த உப்பைப் போன்றது. நாம் போடும் அமோனியா உரமும் யூரியாவும் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகின்றன. மாட்டுக் கொட்டகை, கக்கூஸ் குழி இவற்றிலிருந்தும் அது வரும். மரம் குடித்தது போக மிச்சம் மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேரும். நிறம் இல்லை, வாடை இல்லை.

பெரியவர்கள் உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட புட்டிப்பால் குழந்தை தாங்காது. குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்ல முடியாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலமாகும். 1945-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் காம்லி என்ற டாக்டர், பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் குடித்த குழந்தைகளுக்கு இது வந்ததை எழுதி வைத்தார். ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

பால் கலக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால், அதிக நேரம் கொதிக்கக் கொதிக்க அது கூடும், குறையாது. குழாய்த் தண்ணீர் நின்ற நாளில் பழைய கிணற்றுக்குப் போகிறோமே, அப்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. நிலத்தடி நீர் நிதானமாக நகரும். மணல் பாங்கில் நாளுக்குச் சில அடி போகலாம், களிமண்ணில் அதைவிட மிக மிக மெதுவாகத்தான் போகும். கிணற்றுக்குப் பக்கத்தில் கொட்டியது எத்தனையோ நாள் கழித்து வந்து சேரும். கொட்டுவதை நிறுத்தினாலும் கிணறு மறுநாளே சுத்தமாகிவிடாது.

மூன்றாம் வழி: மீனின் சதையோடு

சில விஷங்கள் ஒரு முறை உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியே வராது. பாதரசம் சதையில் தங்கும். டிடிடி, டீல்டிரின் போன்ற பழைய பூச்சி மருந்துகள் கொழுப்பில் தங்கும். பாசியில் கொஞ்சம் இருக்கும். பாசி தின்னும் சின்ன மீனில் அதைவிடக் கூடும். சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடும். தண்ணீரில் அளக்கவே கஷ்டமான அளவு, மேலே போகப் போகப் பெரிதாகிவிடும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊர். 1932 முதல் ஒரு ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு அங்குள்ள விரிகுடாவில் கலந்தது. 1950-களில் முதலில் பூனைகள் தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் மரத்தது, பேச்சுக் குழறியது, பார்வை குறுகியது. 1956-ல் அதை ஒரு புது நோயாகப் பதிவு செய்தார்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நோயாளிகளே 2,200-க்கு மேல். அந்தக் கடல் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. மீனைச் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள். தாய் நன்றாக இருக்க, பிள்ளை மூளை பாதிப்போடு பிறந்த வீடுகளும் உண்டு.

நம் ஓடை மினமாட்டா ஆகிவிட்டது என்று நான் பயமுறுத்தவில்லை. இன்று நாம் அடிக்கும் புல் மருந்துகள் பாதரசம்போல் மீனில் குவிவதும் இல்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் புண் ஆறட்டும் என்று ஆருவான் மீன் தேடிக் கொடுக்கிறோம். ஆருவான் மற்ற மீனையும் தவளையையும் தின்று வளர்வது, அதாவது ஏணியின் மேல் படி. அதை ஸ்டோருக்குக் கீழே உள்ள அலூரில் பிடித்துக் கொடுக்கலாமா? நல்ல குளத்து மீனாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. செத்து மிதக்கும் மீனைத் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். கோழி, ஆடுகளையும் தள்ளி வையுங்கள்.

2. பம்பையும் வேலை உடுப்பையும் ஓடையிலோ கிணற்றடியிலோ கழுவ வேண்டாம். மருந்து டின்னை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். பிறகு டின்னை ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். அதில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.

3. ஓடைக் கரையில் புல் நிற்கட்டும். அந்தப் புல்தான் ஓடி வரும் மண்ணைப் பிடிக்கிறது. "கரையை விட்டு அடிக்கிறோம்" என்று தண்டலிடம் சொல்லுங்கள். பெரிய மழை வரும் நேரத்தில் உரமும் மருந்தும் வேண்டாம்.

4. கைக்குழந்தைக்கு முடிந்தவரை தாய்ப்பால். புட்டிப்பால் கலக்கக் குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைத்து எடுங்கள். உதடு நீலமானால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இவற்றைத் தொழிலாளி மட்டும் செய்தால் போதாது. பம்பு கழுவத் தனி இடம் இல்லாதபோது ஓடையில் கழுவாதே என்றால் அவன் எங்கே போவான்? தனி இடம் கட்டித் தர வேண்டியது நிர்வாகம். 1994-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை முதலாளி மேல்தான் வைத்திருக்கிறது. 1990-ம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டப்படி குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மீன் மிதந்தால் தேதி, நேரம், இடம் எழுதி வைத்து, அன்றே கிளைத் தலைவரிடம் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சுகாதார இலாகாவிடம் கேளுங்கள்.

அன்று அந்த அம்மா வாளியைக் கவிழ்த்து, மீனைப் பையன்களோடு சேர்ந்து புதைத்தார். பையன்களுக்கு மனசே இல்லை. பம்பு கழுவும் இடம் வேண்டும் என்று நம் கிளை எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பதில் வரும்வரை அந்த ஓடையில் யாரும் தூண்டில் போட வேண்டாம்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்