நகோமி ஊருக்குத் திரும்பினாள்

மத்திய கிழக்கில் வேலை செய்த ஒரு தாய் தோட்டத்துக்குத் திரும்பி வரும் நாள், லயத்துக்கே திருநாள் போன்றது. பசறைப் பக்கமானாலும் அப்புத்தளைப் பக்கமானாலும் காட்சி ஒன்றுதான். கட்டுநாயக்காவிலிருந்து வந்த வேன் ரோட்டோரம் நிற்கும். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் முன்னே ஓடுவார்கள். இஸ்தோப்பு நிறையச் சனம். சவர்க்காரம், போர்வை, பால்மா டின் என்று பெட்டியிலுள்ளது பங்கு போகும். ஒரு வாரத்தில் பெட்டி காலி, சனமும் கலைந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பவர் அரிது. அந்தக் காலத்தைப் பற்றியதே இந்த வாரப் பாடம்.

இப்படித் திரும்பி வருபவர்களைக் குறித்து மறையுரை ஆற்றும்போது, குருக்களாகிய நாங்களும் பெரும்பாலும் லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தின் ஊதாரி மகனையே எடுத்துக்கொள்கிறோம். அது பொருந்தாத உவமை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மகன் வீட்டுச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்தவன். இவளோ வீட்டை நிரப்பப் போனவள். அட்டைப்பெட்டியோடு வந்து நிற்பவளை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. அழித்தவர் யாரேனும் உண்டென்றால், அவர் பல வேளைகளில் ஊரிலேயே இருந்தவர்.

இவளுக்குரிய பகுதி பழைய ஏற்பாட்டிலே, ரூத்து நூலில் இருக்கிறது. பெத்லகேம் என்ற பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த அப்பத்தின் வீட்டிலேயே பஞ்சம் வருகிறது. எலிமலேக்கு தன் மனைவி நகோமியையும் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு மோவாபு நாட்டுக்குப் பிழைக்கப் போகிறான். அங்கே அவன் இறக்கிறான். மகன்கள் அந்நாட்டுப் பெண்களை மணக்கிறார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழிகின்றன. பிறகு மகன்களும் இறக்கிறார்கள். ஊரில் மறுபடி உணவு உண்டு என்று கேள்விப்பட்டு நகோமி புறப்படுகிறாள். மருமகள் ரூத்து அவளை விடாமல் கூட வருகிறாள்.

அவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் ஊரே பரபரப்படைகிறது. இவள் நகோமிதானா என்று பெண்கள் கேட்கிறார்கள். நகோமி என்றால் இனியவள். அந்தப் பெயரால் என்னை அழைக்காதீர்கள், மாரா என்று அழையுங்கள் என்கிறாள் அவள். மாரா என்றால் கசப்பு. நிறைவோடு போன தன்னை ஆண்டவர் வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்கிறாள்.

இங்கே இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அவள் ஆண்டவரைப் பற்றியே இப்படிக் குறைகூறியும் ஊர்ப்பெண்கள் யாரும் அவளைக் கண்டித்ததாக நூலில் இல்லை. நாமானால் அடுத்த நொடியே, “அப்படிச் சொல்லாத புள்ள, சாமி குத்தம்” என்று அவள் வாயை அடைத்திருப்போம். மற்றது, வெறுமையாக வந்தேன் என்று அவள் சொல்லும்போது ரூத்து பக்கத்திலேயே நிற்கிறாள். நகோமியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. நொந்துபோன மனம் அப்படித்தான். அதற்காகவும் விவிலியம் அவளைக் குறை சொல்லவில்லை.

நம் தோட்டங்களில் அந்தக் கசப்பு எங்கே இருக்கிறது? முதலாவது, பிள்ளையிடத்தில். பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போய், இரண்டு ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டு நான்கு வருடம் கழித்து ஒரு தாய் வருகிறாள். இதற்குள் பிள்ளைக்கு அம்மாயிதான் அம்மா. பெற்றவள் “குவைத் அம்மா”. இரவில் பாயை எடுத்துக்கொண்டு அம்மாயியிடம் போய்விடுகிறது. சிறுபிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போவதை அரசு 2013இல் கட்டுப்படுத்தி, 2022இல் தளர்த்தியது. சட்டம் எதுவானாலும் வளர்ந்துவிட்ட பிள்ளையின் மனம் உடனே மாறாது. இதில் குற்றவாளி யாருமில்லை. தாய் பிள்ளையைப் பறிக்கக் கூடாது. அம்மாயிதான் மெல்ல மெல்ல விலகி, “அம்மாகிட்ட கேளு” என்று சொல்லப் பழக வேண்டும். வளர்த்தவளுக்கு அது இலேசான தியாகமல்ல. அதையும் தாய் வாய்விட்டு மெச்ச வேண்டும்.

இரண்டாவது, காசு. மாதாமாதம் அனுப்பியது எங்கே போயிற்று என்று அவள் கேட்டால், “வந்ததும் வராததுமா கணக்குக் கேக்குறா” என்று சண்டை வருகிறது. கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் கேட்பதற்கு முன்பே கணவன் கணக்கைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. கடன் அடைத்தது, பிள்ளைக்கு மருந்து வாங்கியது, குடித்தது எல்லாவற்றையும்தான். குடித்ததைச் சொல்வது கடினம். மறைத்தால் அது அதைவிடக் கடினமாய் முடியும்.

சின்னச் சின்னக் காரியங்களும் உண்டு. குவைத் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. அங்கே வீட்டார் சாப்பிட்டு முடித்த பிறகு நடுச்சாமத்தில் படுத்துப் பழகியவளுக்கு இங்கே ஒன்பது மணிக்குத் தூக்கம் வருமா? பீலியடி வரிசை, விறகடுப்புப் புகை, பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா எல்லாம் அவள் பிறந்து வளர்ந்தவைதான். ஆனால் இப்போது முட்டுகின்றன. பேச்சில் ஓர் அரபுச் சொல் வந்துவிட்டால் லயமே சிரிக்கிறது. ‘பவுசு வந்துவிட்டது’ என்கிறார்கள். பவுசு அல்ல, பழக்கம்.

கோயில் காரியமும் அப்படியே. சவூதி அரேபியாவில் பொதுத் திருப்பலிக்கு ஓர் ஆலயமும் இல்லை. ஆலயமுள்ள நாடுகளிலும் வார விடுமுறையே தராத வீடுகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் திருப்பலி காணாதவள் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தால், “இப்பதான் வழி தெரிஞ்சதா?” என்று யாரும் கேட்காதிருக்கட்டும். போர்வைக்குள் செபமாலை சொன்ன கதையை அவளிடம் கேட்டால் நமக்குத்தான் பாடமாக இருக்கும்.

‘திரும்புதல்’ என்ற சொல் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது மலையகத்துக்குத் தெரியாததல்ல. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதிக்கொண்டது. போனவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அவர்களில் எத்தனையோ பேர் இந்த மலைகளில் பிறந்து, அந்தத் தாயகத்தைக் கண்ணாலும் பாராதவர்கள். சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டால் ஒருவர் வீடு சேர்ந்ததாகாது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் தொழிலைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் (எண் 23) பிழைப்புக்காக நாட்டைவிட்டுப் போகும் உரிமையோடு, திரும்பி வரும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறார். அந்த உரிமை விமான நிலையத்தோடு முடிந்துவிடுமா?

நகோமியின் கசப்பு எப்படி மாறியது? அறிவுரையால் அல்ல, வாற்கோதுமையால். அறுவடையில் வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல், சிந்திய கதிரைப் பொறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம் (19:9-10). அந்தச் சட்டத்தால் ரூத்து கதிர் பொறுக்கினாள். வயலுக்குரிய போவாசு, கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடும்படி ஆட்களுக்குச் சொன்னான். நம் பக்கத்தில் நிலைமை வேறு. வெளிநாடு போனவளின் பெயர் செக்ரோலிலிருந்து போய்விடுகிறது. வந்த பிறகு கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பதுதான் பலருக்கு மிஞ்சுகிறது. முதியோரைப் பராமரித்தவள், பெரிய சமையலை ஒற்றையாய்ச் சமாளித்தவள் என்ற திறமையை யாரும் கேட்பதில்லை. தோட்டக் கமிட்டிகளும் பங்குச் சபைகளும் சேர்ந்து பேச வேண்டிய காரியம் இது. 1985இல் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள், நோயுற்றோ சம்பளமின்றியோ திரும்பியிருந்தால் காப்புறுதியைப் பற்றி அங்கே விசாரிக்க வேண்டும். கடவுச்சீட்டையும் ஒப்பந்தத்தையும் எறிந்துவிட வேண்டாம்.

நூலின் கடைசியில் ரூத்துக்குப் பிறந்த குழந்தை நகோமியின் மடியில் கிடக்கிறது. ஓபேது என்று அதற்குப் பெயரிடுகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். ‘இவள் நகோமிதானா’ என்று முதலில் கேட்ட அதே ஊர்ப்பெண்கள்! ஏழு ஆண்பிள்ளைகளைவிட உன் மருமகள் மேலானவள் என்று, அன்று அவள் காணாத ரூத்தையும் அவர்களே அவளுக்குக் காட்டுகிறார்கள். இதற்கு எவ்வளவு காலம் சென்றது? வாற்கோதுமை அறுவடை, கோதுமை அறுவடை, திருமணம், பேறுகாலம் என்று கணக்கிட்டால் ஒரு வருடமாவது இருக்கும்.

ரூத்து நூலில் நான்கு அதிகாரங்களே உள்ளன. குடும்பச் செபத்தில் இரவுக்கு ஒன்றாக வாசிக்கலாம். திரும்பி வந்தவர் வீட்டிலிருந்தால், விருப்பமானால் முதல் அதிகாரத்தை அவரே வாசிக்கட்டும். 21ஆம் வசனத்தில் அவர் குரல் நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். மீதியை மறுநாள் வாசித்துக்கொள்ளலாம்.