இரண்டாவது சாக்கெட் காலியாகவே இருக்கட்டும்

எங்கள் பயிற்சி மையத்துக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் வீட்டிலேயே ஒரு பழைய ரேக் சர்வர் வைத்திருக்கிறார்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆர்730, எச்பி டிஎல்380 ஜென்9 மாதிரியான பெட்டிகள். 2014 வாக்கில் வந்த தலைமுறை. இன்னும் நன்றாகவே உழைக்கும். அதில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் பழகுவது நல்ல வழக்கம்தான். ஆனால் வாங்கிய மறு வாரமே எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சார், ரெண்டாவது ப்ராசஸர் போட்டுடலாமா?"

சமீபத்தில் ஒருவன் கேட்கக்கூட இல்லை, போட்டுவிட்டே வந்தான். யூடியூபில் எல்லாரும் இரண்டு வைத்திருக்கிறார்கள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அவன் அப்பா. மூடியைத் திறந்து காட்டியபோது காலி சாக்கெட் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. "பாதி கட்டின வீடு மாதிரி கிடக்கே, இதையும் முடிச்சிடுப்பா" என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு சர்வர் கிளம்பவே இல்லை.

வேகம் போதவில்லை என்றால் என்னென்ன செய்யலாம்? ரேம் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். இவை தெரிந்த கதை, நீட்டவில்லை. இருக்கிற சிப்பைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் பெரிய சிப் போடலாம். கடைசியாக, காலி சாக்கெட்டில் இன்னொரு சிப். இந்த வரிசையிலேயே யோசியுங்கள் என்பது என் கட்சி. நான் டிஸ்க் பக்கம் சாய்ந்தவன், ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடமாக என்னிடம் வந்த "சிபியூ பத்தல" புகார்களில் பெரும்பாலானவை டிஸ்க்கில்தான் போய் முடிந்திருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? லினக்ஸில் டாப் கமாண்டை ஓட்டி, மேலே உள்ள சிபியூ வரியில் 'டபிள்யூஏ' என்ற எண்ணைப் பாருங்கள். ப்ராசஸர் வேலையில்லாமல் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்துக்கிடக்கும் நேரம் அது. அது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு ப்ராசஸர் வந்து என்ன செய்யும்? அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றவே எட்டு மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அங்கங்கே சிதறிக் கிடப்பதைப் படிக்க ஒரு நொடிக்கு நூறு தடவை போய்வந்தால் பெரிது. ஐந்து மெஷின்கள் ஒரே நேரத்தில் கேட்டால் திணறாமல் என்ன செய்யும்?

சரி, டிஸ்க்கில் குறையில்லை, கோர்தான் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்குப் போடுங்கள். இந்தப் பையனிடம் இருந்தது ஜியான் இ5-2620 வி3, ஆறு கோர், 85 வாட். இன்னொன்று சேர்த்தால் பன்னிரண்டு கோர், 170 வாட். அதற்குப் பதில் அதே சாக்கெட்டில் இ5-2680 வி4 ஒன்று போட்டால் பதினான்கு கோர், 120 வாட். பயாஸை முதலில் அப்டேட் செய்துவிட வேண்டும், ஹீட்சிங்க் அந்த வாட்டுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஓட்டுகிறவர்கள் கரண்ட் பில்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். சர்வர் சும்மா இருக்கும்போது நூறு வாட் இழுத்தால்கூட அறுபது நாளில் 144 யூனிட். இலவச நூறு யூனிட் அங்கேயே தீர்ந்தது.

ரேம் விஷயம் இன்னும் மோசம். ஆர்730-இல் 24 ஸ்லாட். ஏ வரிசைப் பன்னிரண்டும் முதல் ப்ராசஸருக்கு, பி வரிசைப் பன்னிரண்டும் இரண்டாவதற்கு. ஒவ்வொரு ப்ராசஸருக்கும் நான்கு மெமரி சேனல். நாலு ஸ்டிக் வைத்திருப்பவர் ஒரே ப்ராசஸரில் நாலு சேனலையும் நிரப்பியிருப்பார். இரண்டாவது வந்ததும் இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று பிரிக்க வேண்டும். இரண்டுமே பாதிச் சேனலில் நொண்டும். பக்கத்துச் சிப்பின் ரேமில் கிடப்பதை எடுக்க க்யூபிஐ பாலம் தாண்டிப் போக வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும். டிஎல்380 ஜென்9 என்றால் மின்விசிறியும் நாலிலிருந்து ஆறாக வேண்டும். விண்டோஸ் சர்வர் லைசென்ஸோ 2016 பதிப்பிலிருந்து கோர் கணக்கு: பதினான்கு கோர் சிப் ஒன்றுக்குக் குறைந்தபட்சமான 16 போதும், இரண்டுக்கு 28.

இரண்டாவது ப்ராசஸர் தேவைப்படுகிறவர்களும் உண்டு. பன்னிரண்டு ஸ்லாட் ரேம் போதாதவர்கள், இரண்டாவது சிப் இருந்தால் மட்டுமே உயிர் பெறும் ரைசர் ஸ்லாட்டில் கார்டு போட வேண்டியவர்கள், நாள் முழுக்க ரெண்டரிங் ஓட்டுகிறவர்கள். அவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இனி நம் பையன். அவனுடைய டெல் சர்வரின் நிர்வாகக் கருவியான ஐடிராக்கின் லாகைத் திறந்தால், இந்த ப்ராசஸர் அமைப்பு ஏற்கப்படவில்லை என்று பளிச்சென்று இருக்கிறது. புதுச் சிப்பைக் கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்தேன். தலையில் எஸ்ஆர்2ஆர்6 என்று இருந்தது. பழையதில் எஸ்ஆர்207. இரண்டுமே 2620தான், ஆனால் ஒன்று வி4, மற்றது வி3. ஜோடி சேராது. "பேரு ஒண்ணுதானே சார்" என்றான். சிப்பை மாற்றிக்கொண்டு வந்தான். இம்முறை கிளம்பியது, ஆனால் பி3 ஸ்லாட்டின் ரேமைக் காணோம்.

இந்த இடத்தில்தான் பையன்கள் தடுமாறுவார்கள். ரேம் போச்சு என்று உடனே இன்னொன்று வாங்க ஓடுவார்கள். அவனை உட்கார வைத்தேன். பவர் கார்டு இரண்டையும் பிடுங்கச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் என்று சொல்லிவிட்டேன். பி3 ஸ்டிக்கை ஏ3-க்கு மாற்றினான். அங்கே நன்றாக வேலை செய்தது. அப்போது ஸ்டிக் நல்லது. இரண்டு ப்ராசஸரையும் இடம் மாற்றினான். குறை பி3-யிலேயே நின்றது. அப்போது சிப்பும் நல்லது. மிச்சம் சாக்கெட். இந்த வகையில் 2011 பின்னும் போர்டில்தான் இருக்கும், சிப்பின் அடியில் வெறும் தட்டைப் பொட்டுகள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பின்கள் வயலில் நாற்று நட்டதுபோல் ஒரே சாய்வில் மினுங்கும். ஓரத்தில் ஒன்று மட்டும் படுத்திருந்தது. சிப்பை இறக்கும்போது முனை தட்டியிருக்கிறது. ஊசியால் அதை நிமிர்த்த எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. இதே மாதிரி ஒரு பின்னை நானே உடைத்து, போர்டையே தூக்கிப் போட்ட நாளும் உண்டு.

அவன் அன்றைக்கு முக்கால் மணி நேரமும் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் பார்ப்பது அதைத்தான். மதிப்பெண்ணும் சர்டிஃபிகேட்டும் யாரும் வாங்கிவிடலாம். கை பதறாதவன், ஒன்றை மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கக் காத்திருப்பவன், அவன் ஒற்றைச் சிப்பிலேயே கற்றுக்கொள்வான். பக்கத்து வீட்டுப் பையன் கிளவுட் படிக்கிறான் என்று இங்கிருந்து அங்கே ஓடுகிறவர்களுக்கு எட்டுச் சிப் இருந்தும் பயனில்லை. பெற்றோரும் கொஞ்சம் பொறுக்கலாம்.

பி3 வந்தது. பன்னிரண்டு கோரும் வந்தன. அவனுடைய மெஷின்கள் முன்பு போலவே ஊர்ந்தன. டாப்பில் டபிள்யூஏ 38. மறுநாள் ஒரு எஸ்எஸ்டி போட்டோம்; அரை நிமிடத்தில் எல்லாம் எழுந்து நின்றன. அடுத்த பில் வந்ததும் அவனே இரண்டாவது சிப்பைக் கழற்றிவிட்டான். காற்று சரியாகப் போக வேண்டுமே என்று, எங்கள் பழைய சாமான் பெட்டியில் தேடி அந்த இடத்துக்கான பிளாஸ்டிக் பிளாங்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "இப்பதான் சார் நிறைவா இருக்கு" என்றார்.