அப்பா ஏன் அரை வினாடி கழித்துச் சிரிக்கிறார்?



முதலில் நம் ஊர் முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பி எடுக்கிறவருக்கும், மேலே தோணியில் நிற்கிறவருக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கும். கீழே இருப்பவர் அதை இழுத்தால் "தூக்கு" என்று அர்த்தம். மேலே நிற்கிறவர் ஒரு நிமிஷம் அசந்தாலும் போச்சு. அதனால் அந்தக் கயிறை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். "அவன் அக்கா தாலியாச்சே, விடுவானா?" என்று தாத்தா சொல்லுவார். நம் கடலில் பெரிய அளவில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் அந்தக் கயிறு ஒரு செல்போன்தான். என் அப்பா சரக்குக் கப்பலில் ஆயிலர். போனால் ஒன்பது மாதம். நம் வகுப்பிலேயே இப்படி நாலைந்து பேர் வீட்டில் உண்டு, அவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

பிரச்சனை என்னவென்றால், அம்மா "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் "சாப்பிட்டேன்" என்பார். அதற்குள் அம்மா "ஏங்க, கேக்குதா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க" என்பதிலேயே பாதி நேரம் போகும். போனை வைத்ததும் அம்மா முகம் வாடிவிடும். "யோசிச்சு யோசிச்சுச் சொல்லுதாவ. என்னமோ மறைக்காவ" என்பாள். ஒருநாள் இதற்காக அழுதுவிட்டாள்.

பிசிக்ஸ் சாரிடம் கேட்டேன். சார் சிரித்துவிட்டு, "கணக்குப் போட்டுப் பாரு" என்று இரண்டே எண் கொடுத்தார். அப்பாவின் கப்பல் பயன்படுத்தியது புவிநிலைச் செயற்கைக்கோள். அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில்தான் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நாள் ஆகும். பூமியும் அதே வேகத்தில் சுற்றுவதால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். ரேடியோ அலையின் வேகம் வினாடிக்கு 3,00,000 கி.மீ. அம்மாவின் கேள்வி மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ 72,000 கி.மீ. அதாவது 0.24 வினாடி. அப்பாவின் பதிலும் அதே தூரம் வர வேண்டும். ஆக 0.48 வினாடி. அப்பா ஒரு நொடிகூட யோசிக்காவிட்டாலும் இந்த அரை வினாடி உண்டு! படத்தைச் சுருக்கி விரிக்கிற நேரம் தனி.

அம்மாவிடம் நோட்டில் போட்டுக் காட்டினேன். "அப்போ அது அப்பா இல்லையா, வானமா?" என்றாள். அன்றைக்கு நான் வாங்கிய சந்தோஷம் பரீட்சையில்கூட வாங்கினதில்லை.

படத்தைச் சுருக்குவது என்றேன் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். 640 × 480 என்ற அளவில் ஒரு சின்னப் படத்தில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். வினாடிக்கு 25 படம் என்றால் பெருக்கிப் பாருங்கள், சுமார் 23 எம்.பி. வரும். அப்பா கப்பலில் காசு கொடுத்து வாங்கிய டேட்டா கார்டு 100 எம்.பி. தான். அப்படியே அனுப்பினால் "எல்லாரும் நல்லாருக்கியளா" என்று கேட்பதற்குள் கார்டு காலி. ஆகவே செல்போன் என்ன செய்கிறது என்றால், மாறுகிறதை மட்டும் அனுப்புகிறது. அப்பாவுக்குப் பின்னால் உள்ள கேபின் சுவர் மாறாது, அதைத் திரும்ப அனுப்ப வேண்டாம். உதடும் கண்ணும் அசையும், அதை அனுப்பும். போனைக் கையில் பிடித்து ஆட்டினால் சுவரும் ஆடும், எல்லாவற்றையும் அனுப்ப வேண்டிவரும், படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை, அதாவது நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அதிகம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்பா அப்போது அட்லாண்டிக் கடலில் இருந்தார். கப்பலில் செய்தி பார்த்துவிட்டாராம், எங்களைப் பிடிக்க முடியவில்லை. நாலாவது நாள் சித்தப்பா வீட்டுப் போனில் லைன் கிடைத்தது. திரையில் அப்பா முகம் வந்தது. அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்து நான் கட் பண்ணப் போனேன். அப்போது அப்பா கை வந்து கண்ணைத் துடைத்தது. படம் நிற்கவே இல்லை.

கப்பல்காரர்களுக்கு இணைய வசதி கொடுப்பது முதலாளி மனசு வைத்தால் மட்டும் என்று இருந்தது. உலக நாடுகள் 2006-ல் செய்துகொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இதற்காக ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அது 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. இயன்றவரை கப்பலில் இணைய வசதி இருக்க வேண்டும், கட்டணம் வாங்கினால் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2015-லேயே அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு. "இயன்றவரை" என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எதிரே ஒருவரை உட்காரவைத்து நீங்கள் 1, அவர் 2, நீங்கள் 3 என்று 20 வரை மாறி மாறி எண்ணுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்ச்சில் பாருங்கள். பிறகு தூரத்தில் இருக்கிறவரோடு வீடியோ காலில் அதேபோல எண்ணுங்கள். தம்பியும் நானும் 12 வினாடியில் முடித்தோம். அப்பாவோடு எண்ணியபோது 20 வினாடி ஆனது. அப்பா வேண்டுமென்றே மெதுவாகச் சொல்கிறார் என்று தம்பி சண்டை போட்டான்.

இந்த வருஷம் அப்பா வேறு கப்பலுக்கு மாறிவிட்டார். அதில் 550 கி.மீ. உயரத்தில் பறக்கிற செயற்கைக்கோள்கள் வழியாக இணையம். ஒன்று ஓடி மறைவதற்குள் அடுத்தது வந்து பிடித்துக்கொள்ளும், அதனால் ஆயிரக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். 550 கி.மீ. மேலே போய்க் கீழே வர எவ்வளவு நேரம்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்டு வாயை மூடவில்லை, அப்பா "சாப்பிட்டேன்" என்றார். கப்பலில் அப்போது மணி காலை ஐந்து.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முந்தி யோசிச்சாவது சொன்னாவ. இப்போ யோசிக்காமலே பொய் சொல்லுதாவ."

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு