மரத்தகட்டுச் சித்திரம்

மரத்தில் மரத்தை இழைத்து உருவம் அமைக்குந் தொழில் இருவகைப்படும். மைசூர்ச் சிற்பியர் ஈட்டிமரப் பலகையைக் குடைந்து, அக்குழியில் வேறு நிறத் துண்டுகளைப் பதிப்பர். மற்றொரு வகையில் குடைதல் இல்லை. வெனீர் என வழங்கும் மெல்லிய மரத்தகடுகளையே பூவாகவும் நிலமாகவும் அறுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பலகைமேல் வச்சிரத்தால் ஒட்டுவர். மார்க்கெட்ரி எனப்படும் இப்பின்னதே ஈண்டு நம் பொருள்.

இக்கலையிற் பெரும்புகழ் பெற்றவர் பதினான்காம் லூயி மன்னனுக்குப் பணிபுரிந்த ஆந்திரே சார்ல் பூல் (1642–1732) என்னும் பிரெஞ்சுக்காரர். மரமேயன்றி ஆமையோட்டையும் பித்தளையையும் அவர் கையாண்டார். இரு நிறத் தகடுகளை அடுக்கி ஒருங்கே அறுத்தால், ஒன்றின் பூ மற்றதன் குழியிற் பொருந்தும். அதன் பூ இதன் குழியிற் பொருந்தும். ஓர் உழைப்பில் இரு சித்திரங்கள்! இம்முறை அவருக்கு முன்னரே வழங்கியதெனினும் பெயர் அவருடையதாயிற்று. புகழின் இயல்பு அது போலும்.

ஆயின் வாள் சென்ற வழி மெல்லிய இடைவெளியாக எஞ்சும். அது தோன்றாதிருக்க வாளைச் சற்றே சாய்த்து அறுப்பதுண்டு. அங்ஙனம் அறுத்தால் மேற்றகட்டுப் பூ கீழ்த்தகட்டுக் குழியினும் சிறிது பெரிதாகி, ஆப்பைப் போல இறுகும். ஆனால் அப்போது கிடைப்பது ஒரு சித்திரமே. எஞ்சிய பூவும் குழியும் தம்முட் பொருந்தா.

இனி, நிழலைக் காட்டுவது எங்ஙனம்? வண்ணம் தீட்டுதல் இத்தொழிலின் பெருமைக்குக் குறை. மரத்தின் ரேகை ஓடும் திசையை மாற்றி வைத்தாலே ஓர் இதழ் ஒளிபெறும், அடுத்தது மங்கும். எஞ்சியதை நெருப்பு செய்கிறது. நுண்மணலை இரும்புச் சட்டியிற் காய்ச்சி, துண்டின் ஓரத்தைச் சில நொடிகள் மட்டும் அதனுள் அமிழ்த்துவர். அடிமணல் மிகுந்த வெப்பமுடையதாதலின், ஆழ்ந்த விளிம்பு கருத்தும் மேற்பகுதி வெளுத்தும் நிழல் படிப்படியாய்த் தேயும். சூட்டில் ஈரம் நீங்கித் துண்டு சுருங்குவதால், பின்னர்ச் சிறிது நீர் தடவுதலும் வேண்டும்.

படித்தறிந்த இதனை விடுமுறையிற் செய்து பார்க்க விழைந்தேன். பலாமரத்தகட்டில் அறுத்த முதல் இலை, 'இன்னுஞ் சிறிது' என்று நான் எண்ணிய அந்நொடியிலேயே கரியாயிற்று. தூரிகையின் பிழையைத் துடைத்துவிடலாம். மணலின் பிழைக்கோ வேறோர் இலையை அறுக்கவேண்டும். இரண்டாவதை அஞ்சி அஞ்சி எடுத்தமையால் நிழலே ஏறவில்லை. மூன்றாவது இலைதான் இன்று என் தாயாரின் தையற்பெட்டி மூடியில் இருக்கிறது. அதன் நுனியும் சற்றுக் கருகியதே.